தொடாத ஓட்டம்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். நான்காவது நிமிடத்தில் தீயணைப்புப் பயிற்சிக்கான மணி அடித்தது. கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் படியிறங்கி வண்டி நிறுத்தும் இடத்தில் போய் நின்றோம். தலைகளை எண்ணினார்கள். இரண்டாம் மாடியில் ஒரு தலை குறைந்தது. அந்தத் தலை பத்து நாளாக விடுப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி மேலே போனால் ஆய்வகக் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர், பயிற்சி எவ்வளவு சிறப்பாக நடந்தது என்று அறிக்கை எழுதப் போய்விட்டாராம். அவர் எழுதி முடித்து வரும்போது மணி மூன்றரை.

வேறு வாரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த வாரம் எனக்கு ஒரு மணி நேரம்கூட மிச்சம் கிடையாது. அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு என் கணவருக்கு நேர்காணல். அவரும் இதே நிறுவனத்தில்தான் இருக்கிறார். நான் அளக்கிறவள், அவர் சூத்திரம் எழுதுகிறவர். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை குழு ஒத்துக்கொண்டால் வேலை நிரந்தரம். குழுவுக்கு அவர் காட்டப்போவது ஒரே ஒரு படம்தான்: அவருடைய சூத்திரம் போட்ட ஒரு வளைகோடு, அதன்மேல் என் இயந்திரம் தந்த புள்ளிகள். நூலில் மணி கோத்ததுபோல் ஒரு புள்ளிகூட விலகாமல் உட்கார்ந்திருந்தன. கடைசிப் புள்ளியை மட்டும் இன்னொரு முறை, இன்னும் துல்லியமாக, எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் புள்ளி என்ன என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் எரிச்சல் யாருக்கும் விளங்காது.

எங்கள் இயந்திரம் ஆள் உயரக் குளிர்ப்பெட்டி. அதன் அடியில் நகத்தளவு சில்லு ஒன்று. அந்தச் சில்லில் வரிசையாகப் பன்னிரண்டு க்யூபிட்டுகள். சாதாரணக் கணினியின் பிட் பூஜ்யமாக இருக்கும், அல்லது ஒன்றாக இருக்கும். க்யூபிட் இரண்டையும் கலந்து வைத்துக்கொள்ளும். பக்கத்து க்யூபிட்டோடு பிணைந்தும் கொள்ளும். கொஞ்சம் சூடு, கொஞ்சம் இரைச்சல் பட்டால் போதும், கலவை கெட்டுவிடும். அதனால்தான் அந்தக் குளிர். ஆய்வகத்தில் யாரும் க்யூபிட் என்று சொல்வதில்லை. 'பன்னிரண்டு பேர்' என்போம். "இன்னைக்குப் பன்னிரண்டு பேரும் ஸ்கூலுக்கு வந்தாங்களா அம்மா?" என்று என் மகள்கூடக் கேட்பாள். அவளுக்கு வயது ஒன்பது.

நான் அளப்பது என்னவென்றால், இந்தப் பன்னிரண்டு பேருக்கு நடுவில் சிக்கல் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை. ஒரு முனையில் இருப்பவரை லேசாகத் தொட்டால், அந்தச் சங்கதி மறுமுனைக்குப் போய்ச்சேர எத்தனை சுற்று ஆகும்? இதை நேராகப் பார்க்க முடியாது, பார்த்தாலே கலவை கெட்டுவிடும். அதனால் சுற்றிவளைத்துப் போகும் வழி ஒன்று இருக்கிறது. எனக்கு அந்த வழிமேல் கொள்ளை ஆசை.

என் மகளுக்குத் தினமும் காலையில் சடை பின்னுகிறேன். மூன்று கால் பின்னிவிட்டு, பின்னிய வரிசைக்கு நேர்த் தலைகீழாகப் பிரித்தால் கூந்தல் பழையபடி மூன்று பிரிவாக வந்துவிடும். ஆனால் பின்னி முடித்ததும் ஒரு சின்னக் கற்றையை மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டு, அதே வரிசையில் பிரித்துப் பாருங்கள். திரும்பி வராது, சிடுக்கு விழும். நாலே சுற்றுப் பின்னலில் சிடுக்கு சின்னதாக இருக்கும். இருபது சுற்றுப் பின்னலில் தலை முழுக்கப் பரவியிருக்கும். நாங்கள் செய்வதும் இதுதான். பன்னிரண்டு பேரையும் முன்னோக்கிச் சில சுற்று ஓட்டுவோம், ஒரு முனையைத் தொடுவோம், பிறகு அதே சுற்றுகளைப் பின்னோக்கி ஓட்டுவோம். மறுமுனையில் இருப்பவர் கிளம்பிய நிலைக்கு எவ்வளவு திரும்பி வந்திருக்கிறார் என்று பார்ப்போம். எவ்வளவு வரவில்லையோ அவ்வளவு சிக்கல்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கைவழுக்கினாலும் சடை திரும்பி வராது. இயந்திரம் தள்ளாடினால், யாரும் எதையும் தொடாவிட்டாலும், பன்னிரண்டு பேரும் கிளம்பிய இடத்துக்கு வந்துசேர மாட்டார்கள். சிக்கலால் வராததும் தள்ளாட்டத்தால் வராததும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால் இரண்டு ஓட்டம் வேண்டும். ஒன்று தொட்ட ஓட்டம். இன்னொன்று தொடாத ஓட்டம்: முன்னே போய், எதையும் தொடாமல், பின்னே வருவது. தொடாதது இயந்திரத்தின் நிலைத்தன்மையை மட்டும் சொல்லும். தொட்ட ஓட்டத்தின் விடையைத் தொடாத ஓட்டத்தின் விடையால் வகுத்தால் தள்ளாட்டம் அடிபட்டுப்போய் சிக்கல் மட்டும் நிற்கும். அந்த விகிதம் ஒன்று என்றால் சிக்கலே இல்லை. பூஜ்யத்தை நோக்கி இறங்க இறங்கச் சிக்கல் கூடுகிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் விஷயம். ஒரு சடையும் ஒரு வகுத்தலும்.

ஓர் ஓட்டம் நாற்பது நிமிடம். ஆறு மாதத்துக்கு முன்னால், என் கணவர் தினமும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு தொட்ட ஓட்டத்துக்கும் ஒரு தொடாத ஓட்டம் என்று வைத்தால் வேலை இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டு நான் ஓர் ஏற்பாடு செய்தேன். ஞாயிறன்று இயந்திரம் தன் அளவுகளைத் தானே சரிசெய்து, வீணைபோல, சுருதி சேர்த்துக்கொள்ளும். திங்கட்கிழமை தொடாத ஓட்டங்களை எல்லா நீளத்துக்கும் எடுத்துவிடுவது, வாரம் முழுக்க அவற்றையே வகுப்பதற்கு வைத்துக்கொள்வது. சுலபமானது முதலில் என்பதால் செவ்வாய் நான்கு சுற்று, புதன் எட்டு, வியாழன் பன்னிரண்டு, வெள்ளி இருபது. ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்தத் திங்கட்கிழமையைத்தான் தீயணைப்புப் பயிற்சி விழுங்கியது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் குளிர்ப்பெட்டியைக் கவனிக்கும் குளிர்காரர் பம்புக்குப் பராமரிப்பு என்று பெட்டியைச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தார். குளிர் குறையாது, ஆனால் அந்த அதிர்வில் எதையும் அளக்க முடியாது. வியாழக்கிழமை துறைத் தலைவர் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ரெண்டு நிமிஷம்'. "ரெண்டு நிமிஷம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் நுழைவார். நேர்காணல் குழுவுக்கும் அவரே தலைவர் என்பதால் அவரை எழுந்துபோகச் சொல்லவும் வழியில்லை. தன் புதுக் கண்ணாடியில் தரை மேடாகத் தெரிவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். போகும்போது, கடைசிப் புள்ளியும் கோட்டில் உட்கார்ந்துவிடும்தானே என்று கேட்டார். உட்காரும் சார் என்றேன். அவர் போனதும் பிணைய இணைப்பு போய்விட்டது. அது வந்தது நாலு மணிக்கு.

வெள்ளிக்கிழமை ஒருவழியாக இருபது சுற்றுத் தொட்ட ஓட்டங்களை எட்டு தடவை எடுத்தேன். வகுப்பதற்கு அந்த வாரத்துத் திங்கட்கிழமை ஓட்டம் இல்லை. சரி, கையோடு எடுத்துவிடுவோம் என்று அன்றே இரண்டு தொடாத ஓட்டங்களையும் எடுத்து வகுத்தேன்.

என் கணவரின் கோடு அந்த இடத்தில் 0.3 என்று சொல்கிறது. இதுவரை எல்லா வெள்ளிக்கிழமையும் 0.3 பக்கத்தில்தான் வந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது 0.6.

இன்னொரு தடவை வகுத்தேன். கால்குலேட்டரில் வகுத்தேன். காகிதத்தில் வகுத்தேன். 0.6. போன வாரத்துத் திங்கட்கிழமை ஓட்டத்தை எடுத்து வகுத்தால் சமர்த்தாக 0.3 வந்தது.

சனிக்கிழமை காலையில் ஆளாளுக்கு வசவு விழுந்தது. பக்கத்து ஆய்வகத்தில் காந்தத்தைப் போட்டுவிட்டார்களா என்று போய்க் கேட்டேன், அங்கே பூட்டுத்தான் தொங்கியது. கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். நிரலை வரிவரியாகப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கடைசியில், பெட்டியின் அளவுமானிகளைக் குறித்துக்கொண்டிருந்த குளிர்காரரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, அந்தப் பராமரிப்புல எதையாவது மாத்தி விட்டீங்களா?"

அவர் பேனாவை மூடினார்.

"உங்க பன்னிரண்டு பேருக்கும் ஜலதோஷம் பிடிச்சாலும் என்னைத்தான் கேப்பீங்க மேடம்," என்றார். "எண்ணெயை மாத்துனேன், போல்ட்டு முடுக்குனேன். குளிர் அப்படியே இருக்கு, பாருங்க." நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஆறு மாத எண்கள் ஒரே நேராக நின்றன. "இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. திங்கக்கிழமை நீங்க வரும்போது எல்லாம் அருமையா இருக்கும். புதன்கிழமை லேசா முணுமுணுப்பீங்க. வெள்ளிக்கிழமை ஆனா என்கிட்ட சண்டைக்கு வருவீங்க. ஆறு மாசமா பாக்கறேன். உங்களுக்குத்தான் வாரக் கடைசி ஒத்துக்கலையோன்னு நினைச்சேன்."

சுவரில் ஒட்டியிருந்த என் காகிதத்தைப் பார்த்தேன். திங்கள்: தொடாதது. செவ்வாய் நான்கு, புதன் எட்டு, வியாழன் பன்னிரண்டு, வெள்ளி இருபது.

சுருதி சேர்ப்பது ஞாயிறன்று. அதன் பிறகு இயந்திரம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. குளிர் மாறவில்லை, சுருதிதான் கலைகிறது. தளராத நாளில் எடுத்த தொடாத ஓட்டத்தை வைத்து, தளர்ந்த நாளின் தொட்ட ஓட்டத்தை வகுத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி வகுத்தால் தள்ளாட்டம் அடிபடாது, பாதி மிஞ்சும். மிஞ்சியதை எல்லாம் சிக்கல் என்று எழுதியிருக்கிறேன். அதிலும் சுற்று கூடக்கூட நாளும் தள்ளிப்போகும்படி நானே வரிசை போட்டிருக்கிறேன். கோடு சரிந்ததில் ஆச்சரியம் என்ன? வெள்ளிக்கிழமை வரை சரிந்துகொண்டே போகும்படி அட்டவணை எழுதியவள் நான்.

சந்தேகம் தீர ஒரு வழி இருந்தது. நேற்றைய தொடாத ஓட்டத்தைப் போன வாரத் திங்கட்கிழமையின் தொடாத ஓட்டத்தால் வகுத்தேன். இரண்டிலும் யாரும் எதையும் தொடவில்லை. விடை ஒன்று என்று வரவேண்டும். 0.5 வந்தது. 0.6-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 0.3. இயந்திரம் தன் கணக்கில் ஓர் இம்மிகூடப் பிசகவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்து நான்கு சுற்று ஓட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைகளில் 0.9 காட்டிவந்த அதே ஓட்டம், பழைய திங்கட்கிழமையால் வகுத்தபோது சனிக்கிழமை 0.7-க்கு இறங்கியிருந்தது. அன்றைய தொடாத ஓட்டத்தால் வகுத்தால் மறுபடி 0.9-க்குமேல் போய் நின்றது.

ஆறு மாதமாகப் பம்பையும் கம்பியையும் பக்கத்து ஆய்வகத்தையும், இந்த வாரம் தீயணைப்புக்காரர்களையும் வைதுகொண்டிருந்தேன். என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. என் கணவர் துணி அலமாரிக்கு முன்னால் நின்று பேசினார். மகள் கட்டிலில் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் குழுத் தலைவராக உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்கில் என் கண்ணாடி.

"ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க," என்றாள் அவள். "எனக்குத் தரை மேடா தெரியுது."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் என்னால் சொல்ல முடியாது என்று தெரியும்.

"உன் படத்துல பாதி என்னோட தப்பு."

அவர் திரும்பினார். வேறு யாராக இருந்தாலும் என்ன தப்பு என்று கேட்டிருப்பார்கள்.

"எந்தப் பாதி?"

"கீழப் பாதி. நாலு சுத்துல பெருசா ஒண்ணுமில்ல. இருபதுல பாதிக்குப் பாதி."

பிறகு ஒரு மணி நேரம் அவர் கேட்டார், நான் சொன்னேன். கம்பி? பார்த்துவிட்டேன். நிரல்? பார்த்துவிட்டேன். ஒருவேளை வெள்ளிக்கிழமை ஓட்டம்தான் கெட்டதோ? சனிக்கிழமையும் எடுத்துவிட்டேன். தப்பித்துப்போக இருந்த ஒவ்வொரு சந்துபொந்தையும் அவர் தேடிப் பார்த்தார். நான் முன்கூட்டியே போய் அடைத்துவிட்டு வந்திருந்தேன். அதற்காகவும் அவருக்கு என்மேல் கோபம் வந்தது.

"ஆறு மாசமா தெரியல. நேர்காணலுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் தெரியணுமா?"

"மணி அடிச்சிருக்காட்டி இப்பவும் தெரிஞ்சிருக்காது."

"திங்கக்கிழமை மட்டும் எடுத்தா போதும்னு யாரு முடிவு பண்ணினது?"

"நான்தான். நாற்காலிக்குப் பின்னாடி நின்னு உயிரை வாங்கினது யாரு?"

"ரெண்டு பேரும் வெளிய போய் நில்லுங்க," என்றது தலையணை மேலிருந்த குழு. "நாங்க கலந்து பேசணும்."

அவர் வெளியே போனார். நிஜமாகவே போய், மத்தியானம் வரை வரவில்லை. வந்ததும் மேசையில் உட்கார்ந்து எழுதினார். நான் துணி மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன். சாயங்காலம் காகிதத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அவர் சூத்திரத்தில், தொட்ட சங்கதி காட்டுத்தீ மாதிரி ஒரே பாய்ச்சலில் பன்னிரண்டு பேரையும் பிடித்துக்கொள்ளும். அதுதான் அதில் புதுசு, அதுதான் அவருடையது. புதுப் புள்ளிக்குப் பொருந்துவது வேறு. சங்கதி பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் போகும், அவர் அடுத்தவரிடம் சொல்வார். வரிசையில் நிற்பவர்கள் கைமாற்றிக் கைமாற்றி வாளி கொண்டுபோவது மாதிரி, நிதானமாக. அப்படி எழுதினால் இருபது சுற்றில் 0.6 சுற்றுவட்டாரத்தில் வருகிறது.

"அப்ப அது பொருந்துதே," என்றேன்.

"பொருந்துது. அது பாடப்புத்தகத்துல இருக்கற சூத்திரம். அதைச் சொல்ல நான் எதுக்கு?"

என்னால் முடிந்ததைச் சொன்னேன். புள்ளிகள் என்னுடையவை, அவற்றை நான் எடுத்துவிடுகிறேன், கோடு உன்னுடையது, அதை நீ வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"புள்ளி இல்லாத கோட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ண? சட்டையில ஒட்டிக்கவா?"

அதோடு எழுந்துபோய் மகளின் பள்ளிப் பையைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கண்முன்னால்தான் இருந்தது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஏழு மணிக்கே ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். சடை பின்னுகிற வேலை அவருக்குப் போயிற்று. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று பின்னி அனுப்பினார். நான் தொட்டது ஒன்று, தொடாதது ஒன்று, மறுபடி தொட்டது ஒன்று, தொடாதது ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தேன். இப்படி எடுத்தால் இயந்திரம் எவ்வளவு தள்ளாடினாலும் இரண்டும் சேர்ந்தே தள்ளாடும். வகுக்கும்போது கழன்று விழுந்துவிடும். ஆறு மாதம் முன்பே இப்படித்தான் செய்திருக்க வேண்டும். நான்கு புள்ளிகளும் வந்தன. அவருடைய கோட்டை விட்டு ஒவ்வொன்றாக மேலே விலகிப்போய், சாதுவாக ஒரு சரிவில் நின்றன. புதன்கிழமை மத்தியானம், தொடாத ஓட்டங்களின் எண்களையும் சேர்த்து, அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என்ன காட்டப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நேர்காணல் தொடங்கியது. பதினொன்றேகாலுக்கு என் கதவு திறந்தது. 'ரெண்டு நிமிஷம்' வந்து நின்றார். வழக்கமாக அவர் இழுத்துப்போட்டு உட்காரும் நாற்காலியைத் தொடக்கூட இல்லை.

"முதல் படமே பழைய கோடு. அதுக்குப் பக்கத்துல யாரும் தொடாத ஓட்டம், அதுவும் அதே மாதிரி சரியுது. 'நான் போன வாரம் வரைக்கும் நம்பினது இது, இது தப்பு'ன்னு ஆரம்பிச்சான்," என்றார். "நல்லாத்தான் பேசினான்மா. ஆனா அதுக்கப்புறம் கையில அவனோடதுன்னு ஒண்ணும் இல்லையே. இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டியிருக்கோம். நிரந்தரம் இப்ப இல்ல."

"தப்பு என்னோடது சார்."

"அதையும் கேட்டோம். எங்களோடதுன்னான்."

உட்காருங்கள் சார் என்றேன். வேண்டாம்மா என்று போய்விட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வாழ்நாளில் முதல்தடவையாகச் சரியாக இரண்டு நிமிடம். அவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கண்ணாடியைப் பற்றிப் பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நான் எழுந்து சுவரில் இருந்த அட்டவணையைக் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. 'வெள்ளி: இருபது' மட்டும் வருவேனா என்றது. நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் வந்தார். கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பையில் திணித்திருந்தார், பாதி வெளியே தொங்கியது. அவர் எப்போதும் நிற்கிற இடம் என் நாற்காலிக்குப் பின்னால். அன்றைக்கு மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். திரையைக் காட்டிக் கேட்டார்.

"இது தொட்டதா, தொடாததா?"

"தொடாதது."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

"அப்புறம்?"

"தொட்டது. அதுவும் நாப்பது."

மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார். நான் சுரண்டுவதை நிறுத்தவில்லை. அவர் என் மேசையிலிருந்த நான்கு புள்ளிப் படத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார், தூரப் பிடித்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"எட்டுலேர்ந்து பன்னிரண்டுக்குப் போறப்ப லேசா ஒரு வளைவு இருக்கு. வாளி கைமாத்தினா இப்படி வளையக்கூடாது," என்றார். "பத்து சுத்து எடுத்தியா?"

"இல்ல."

"ஏன் எடுக்கல?"

அந்த வாரம் நடந்ததை எல்லாம் வரிசையாக அவருக்குச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கிழித்த அட்டவணையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதை அவர் பக்கம் தள்ளி, பேனாவை அதன்மேல் வைத்தேன்.

"எழுதி வை," என்றேன். "தொடாதது முதல்ல."